பசைக் கொட்டகையிலிருந்து வந்த மெஷின்

எங்கள் கடையின் சர்வீஸ் பிரிவில் இப்போது மூன்று பெண்கள் வேலை பார்க்கிறார்கள். போன மாதம் கடைப்பக்கம் போயிருந்தபோது மூவரும் என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, "நீங்க மொதல்ல பிரிச்ச மெஷின் எதும்மா?" என்று கேட்டார்கள். அவர்கள் மேஜை மேல் ஒரு லேப்டாப் இருந்தது. மெஷினின் பின்புறம் ஒரு வயரைச் சொருகினால் போதும், எங்கே கோளாறு என்று அதுவே எழுத்தில் காட்டிவிடுகிறது. எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் கேட்ட கேள்விக்கு டீ ஆறுவதற்குள் பதில் சொல்ல முடியாது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இது அதுதான்.

நான் மெக்கானிக்காக வேலைக்குச் சேரவில்லை. இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த புதிதில், முப்பத்தாறு வயதில், விருதுநகர் பஜாரில் இருந்த அந்த வீட்டுச் சாமான் கடையில் 'டெமோ' வேலைக்குச் சேர்ந்தேன். வாஷிங் மெஷின் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய், எப்படித் துணி போடுவது, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆம்பளை ஆளை அனுப்பினால் வீட்டுப் பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்கிறார்கள், சந்தேகம் கேட்பதில்லை, பிறகு மெஷின் சரியில்லை என்று புகார் வருகிறது. அதனால் ஒரு பெண் வேண்டும் என்று தேடினார்கள். நான் ஆமத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். பத்தாவது வரை படித்திருந்தேன். நன்றாகப் பேசுவேன். அது போதும் என்றார்கள்.

அந்த வேலையில் பார்த்ததை எல்லாம் எழுதினால் தனிப் புத்தகமாகும். சிவகாசியில் ஒரு வீட்டில், மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே துணி விரித்து, அதன்மேல் போன் வைத்திருந்தார்கள். வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. இன்னொரு வீட்டில் துணிகளை முதலில் கல்லில் துவைத்து அலசி, சுத்தமான பிறகு மெஷினில் போட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, அழுக்குத் துணியைப் போட்டால் இம்புட்டு விலை கொடுத்து வாங்கின மெஷின் அழுக்காகிவிடாதா என்று அந்த அம்மா என்னையே திருப்பிக் கேட்டார். அவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒரு முழு மதியம் ஆயிற்று.

டெமோவுக்குப் போன வீடுகளிலிருந்தே பிறகு போன் வரும். 'செல்வராணி அக்காவை வரச் சொல்லுங்க, சத்தம் வருது.' போய்ப் பார்ப்பேன். சட்டைப் பையில் இருந்த சில்லறை அடியில் போய்ச் சிக்கியிருக்கும். பெல்ட் கழன்றிருக்கும். தண்ணீர் போகும் குழாயில் குழந்தையின் சாக்ஸ் இருக்கும். சின்னச் சின்னதாக நானே செய்ய ஆரம்பித்தேன். கடைக்குப் பின்னால் இருந்த மெக்கானிக் ஷெட்டில் தங்கவேல் அண்ணன் என்று ஒருவர் தலைமை. எனக்கு அவர் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றால் மறைத்ததும் இல்லை. ஆனால் ஸ்பேனரை எடுக்கப் போனால் மட்டும், "நீங்க டெமோவோட நிப்பாட்டிக்கோங்க" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். குளிர்ந்த குரலில், வேலையை நிறுத்தாமல் சொல்வார். மூன்று வருடம் அப்படியே போயிற்று.

இப்போது முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். குள்ளமான ஆள், வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை. அதிகம் பேச மாட்டார். வேலை பிடித்திருந்தால் புறங்கையால் மெஷினின் மூடியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். பிடிக்காவிட்டால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நம் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அவர் எழுந்து போகும்வரை பூட்டியதையே மறுபடி கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்போம்.

அந்தச் சமயம் பழைய மெஷினைக் கொடுத்துப் புது மெஷின் வாங்கும் திட்டம் எல்லாக் கடைகளிலும் வந்தது. பழையவற்றை மற்றவர்கள் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். எங்கள் அண்ணாச்சியால் அது முடியவில்லை. முதலில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்தார். பிறகு, இந்த மாதிரி நம்மிடம் இல்லையே என்று இன்னொன்று. மேலே துணி போடுவது, முன்னால் போடுவது, இரண்டு தொட்டி உள்ளது, கையால் சுற்றுவது என்று ஒவ்வொரு வகையிலும் ஒன்று சேர்ந்துவிட்டது. அவர் அப்பா காலத்தில் மிளகாய் வத்தல் வைத்திருந்த கோடவுன் ஒன்று சும்மா கிடந்தது. மெஷின்களை எல்லாம் அங்கே கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார். சுவரில் ஊறியிருந்த காரம் போகவே இல்லை. பழைய மெஷின் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தும்மிக்கொண்டுதான் பார்த்தார்கள்.

சேர்ப்பது மட்டும் போதாது, ஓட வேண்டும் என்பார். அதற்கு அவரே முறை வைத்திருந்தார். எந்த மெஷின் வந்தாலும் முதல் மூன்று நாள் யாரும் கருவியை எடுக்கக் கூடாது. பார்க்கலாம், தடவலாம், துடைக்கலாம். எந்த நிலையில் வந்தது என்று நோட்டில் எழுத வேண்டும், பென்சிலால் படம் போட வேண்டும். நாலாம் நாள் பிரிக்கலாம். கழற்றும் ஸ்க்ரூக்களை இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாகக் கழற்றிய வரிசையிலேயே போட வேண்டும். அதற்காகவே அவர் வீட்டிலிருந்து ஆறு இட்லித் தட்டுகள் கோடவுனுக்கு வந்திருந்தன. எல்லாம் முடிந்து மெஷின் ஓடியதும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து உள்ளே போடுவார். துவைத்து எடுத்த துண்டை வெயிலில் விரித்துப் பிடித்துப் பார்ப்பார். துரு, எண்ணெய் என்று கடுகளவு கறை இருந்தாலும் மறுபடி முதலிலிருந்து.

கோடவுனில் என் வேலை துடைப்பது, நோட்டு எழுதுவது, படம் போடுவது. படம் எனக்கு நன்றாக வரும். பிரிப்பதும் பூட்டுவதும் தங்கவேல் அண்ணன்.

இந்த நிலையில்தான் விஸ்வநத்தத்துக்கு ஒரு டெமோவுக்குப் போனேன். பட்டாசுக்கான காகிதக் குழாய் உருட்டிக் கொடுக்கும் ஒருவரின் வீடு. வெறும் காகிதமும் பசையும் மட்டும்தான், வெடிமருந்து அந்தப் பக்கமே வராது. வீட்டை ஒட்டிக் கொட்டகை. வேலை முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது கொட்டகைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. 'சலப்… சலப்… சலப்.' இடமும் வலமும் மாறி மாறிச் சுழலும் துடுப்பின் சத்தம். எந்த மெஷினுக்குள் இருந்தாலும் எனக்குத் தெரியும். கேட்காமலே உள்ளே போய்விட்டேன்.

பத்துப் பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து குழாய் உருட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில், நாலு கால் வைத்த, உருண்டையான ஒரு தொட்டி. வெளியே பசையும் தூசியும் அப்பி என்ன நிறம் என்றே தெரியவில்லை. உள்ளே மைதாப் பசை கொழகொழவென்று திரும்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண் சருவச்சட்டியில் கொதிதண்ணீரோடு நின்றிருந்தாள். பெயர் பேச்சியம்மாள். பசை காய்ச்சுவது அவள் பொறுப்பு.

"இது என்ன மெஷின்னு தெரியுமாக்கா?" என்றேன்.

"வெள்ளைச்சி" என்றாள். "பசை கிண்டுறவ."

குழாய்க்காரரின் அப்பா ஏதோ ஒரு எஸ்டேட் பங்களாவின் சாமான்களை ஏலத்தில் எடுத்தபோது இது கூடவே வந்ததாம். துணி துவைக்கிற மெஷின் என்று வீட்டில் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஆனால் யாரும் துவைத்துப் பார்த்ததில்லை. துணி பிழியும் இரண்டு ரப்பர் உருளைகள் வைத்த சட்டம் கொட்டகை மூலையில் ஆணியில் தொங்கியது. அதில் தூக்குவாளிகளை மாட்டி வைத்திருந்தார்கள்.

நான் ஓடிப்போய் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். அன்றைக்கே அவர் காரில் வந்துவிட்டார். அரை மணி நேரம் அந்தப் பசை கிண்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்த மாதிரி ஒன்றைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். குழாய்க்காரர் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார், ஆனால் பசைக்காரியைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

பேச்சியம்மாள் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முழங்கை வரை கைகள் முறுக்கேறி இருந்தன.

"இவ ஒரு வாரம் கரண்டு இல்லாம நின்னாய்யா. அந்த ஒரு வாரமும் நான் கட்டையால கிண்டினேன். தோளைத் தூக்க முடியல. இவளக் கூட்டிட்டுப் போயிட்டா என் தோளுக்கு யாரு பதில் சொல்றது?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. வேறு ஒரு மெஷினைப் பசை கிண்டத் தோதாக மாற்றிக் கொண்டுவருகிறேன், ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், ஒரு கட்டி விழுந்தாலும் திருப்பி எடுத்துப் போகிறேன், அதுவரை வெள்ளைச்சி இங்கேயே இருக்கட்டும் என்றேன். அண்ணாச்சி மறுக்கவில்லை. காரில் திரும்பும்போது, "எப்படிம்மா மாத்துவ?" என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை அண்ணாச்சி என்றேன். சிரித்தார்.

அதுதான் நான் முதலில் பிரித்த மெஷின். கோடவுனில் ஒரே மாதிரியில் இரண்டு கிடந்த ரெட்டைத் தொட்டி மெஷின்களில் ஒன்று. தங்கவேல் அண்ணன் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்துப் பிரித்தேன். முதல் முறை கொண்டுபோனபோது அவமானம்தான். அடியில் சுழலும் தட்டு பசையின் அடிப்பாகத்தை மட்டும் சுற்றியது. மேலே இருந்தது அசையவே இல்லை. பத்து நிமிஷத்தில் பெல்ட் கருகி நாற்றம் வந்தது. பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். திரும்பக் கொண்டுவந்து பெரிய சக்கரமாக மாற்றி வேகத்தைக் குறைத்தேன். சுழலும் தட்டின்மேல் தகட்டில் மூன்று இறக்கைகள் வெட்டி முடுக்கினேன். இரண்டாம் முறை பசை அடியிலிருந்து மேலே புரண்டு வந்தது. ஒரு வாரம் கழித்துப் பேச்சியம்மாளே கடைக்குப் போன் செய்து, வெள்ளைச்சியைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். புது மெஷினுக்கு நீலச்சி என்று பெயர் வைத்திருப்பதாகவும் சொன்னாள். அதன் மூடி நீல நிறம்.

வெள்ளைச்சி கோடவுனுக்கு வந்தாள். அண்ணாச்சியின் முறைப்படி மூன்று நாள் பார்த்தோம், துடைத்தோம், படம் போட்டேன். அங்கேதான் கோட்டை விட்டோம். தினமும் ஓடிக்கொண்டிருந்தவரை உள்ளே ஒட்டியிருந்த பசை ஈரமாக இருந்திருக்கிறது. மூன்று நாள் சும்மா நின்றதும் அது காய்ந்து கல்லாகிவிட்டது. வருடக்கணக்கான பசை. பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலந்திருந்ததால் நீலம் பாய்ந்த கல். துடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் சிமென்ட் ஊற்றியது போல இறுகிப்போயிருந்தது. துடுப்பைக் கழற்றினால்தான் அடியில் உள்ள கியர் பெட்டியைத் திறக்க முடியும். துடுப்போ ஒரு நூல்கூட அசையவில்லை.

தங்கவேல் அண்ணன் உளியை எடுத்தார். தொட்டியின் உள்பக்கம் முழுதும் பீங்கான் பூச்சு. ஒரு அடி தவறினால் பூச்சு தெறிக்கும், அந்த இடத்தில் துரு பிடிக்கும், பிறகு அதில் எந்தக் காலத்திலும் துணி போட முடியாது. வேண்டாம் அண்ணே என்றேன். வேறு வழி இருந்தா நீங்களே பண்ணுங்க என்று உளியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நம் ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் நம் ஸ்டாலில் இதை நிறுத்தப்போவதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் என்றார். "உன்கிட்ட விட்டுட்டேம்மா. நீ கண்டுபிடிச்சது, நீயே பாரு."

பங்குனிப் பொங்கலுக்கு ஏழு வாரம் இருந்தது. கொதிதண்ணீர் ஊற்றினேன். மேலாக ஊறிக் கூழாகும், சுரண்டி எடுப்பேன், அடியில் கல் அப்படியே இருக்கும். சோடா மாவு போட்டேன். வினிகர் ஊற்றினேன். பயனில்லை. இரண்டு வாரத்தில் ஒரு விரல் ஆழம் போயிருந்தால் அதிகம். பஸ்ஸில் போகும்போதும் அதே நினைப்பு. வீட்டில் சோறு வடித்த பானையின் அடியில் பசையாக ஒட்டியிருப்பதைப் பார்த்தால்கூட எரிச்சல் வந்தது.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை பேச்சியம்மாள் கோடவுன் வாசலில் வந்து நின்றாள். இருக்கன்குடி கோயிலுக்குப் போய்விட்டு வருகிறாளாம், நெற்றி நிறைய விபூதி. வெள்ளைச்சி எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வந்தேன் என்றாள். உள்ளே வந்ததும் இரண்டு தும்மல். பிறகு தொட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். நான் செய்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

"கேப்பை மாவு போட்டுப் பாத்தீகளா?"

எனக்கு விளங்கவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து சொன்னாள். கொட்டகையில் ஒருத்தி கைக்குழந்தைக்காக முளைகட்டின கேப்பை மாவில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவாளாம். ஒரு நாள் அந்தத் தூக்குவாளியைக் கழுவின தண்ணீரைத் தெரியாமல் பசைச் சட்டியில் ஊற்றிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சட்டிப் பசை முழுதும் மோர் மாதிரி நீர்த்துப்போயிற்று. ஒரு குழாய்கூட ஒட்டவில்லை. குழாய்க்கார மொதலாளி அன்றைக்குக் கொட்டகையையே இரண்டாக்கிவிட்டாராம்.

"பச்சப்புள்ளைக் கஞ்சி ஏன் கெட்டியாகாம இருக்கு? அந்த மாவு பசைய அறுத்துரும். ஆனா துத்தம் கூடுதலா இருந்தா கேக்காது. மொதல்ல நீலம் போற வரைக்கும் தண்ணி மாத்துங்க."

நாலு நாள் தண்ணீர் ஊற்றி ஊற்றி இறைத்தேன். முதல் நாள் மயில் கழுத்து நிறத்தில் வந்த தண்ணீர் நாலாம் நாள் வெறும் கலங்கலாக வந்தது. பிறகு கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் வைத்து, இரண்டு படி முளைகட்டிய கேப்பை மாவைக் கரைத்து ஊற்றி, சூடு போகாமல் சாக்கைப் போட்டு மூடினேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு சாக்கை எடுத்தேன். கையை விட்டால் கல்லைக் காணவில்லை. சேறு மாதிரி இருந்தது. அள்ள அள்ள வந்தது. மறுபடி மாவு, மறுபடி சாக்கு. மூன்றாம் நாள் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து லேசாக ஆட்டினேன். உள்ளே ஏதோ பிடிவிட்டது. 'பொளக்' என்று ஒரு சத்தம். துடுப்பு என் கையோடு வந்துவிட்டது. பிடித்த வேகத்தில் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மடியில் துடுப்பு. கோடவுனில் வேறு யாரும் இல்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். என் வேலைக் காலத்தில் அவ்வளவு சிரித்தது வேறு எப்போதும் இல்லை.

கழுவிப் பார்த்தால் தொட்டிக்குள் வெள்ளைப் பீங்கான், அதில் மை தெளித்தது போல நீலப் புள்ளிகள். ஒரு கீறல் இல்லை. துடுப்புதான் துத்தம் அரித்துக் குழி குழியாக இருந்தது. அதைத் தேய்த்து வழவழப்பாக்க ஒரு வாரம் ஆயிற்று. கம்பெனியின் பெயர்த் தகட்டில் எழுத்து ஒன்றுகூட மிஞ்சவில்லை. யார் செய்த மெஷின், எந்த நாட்டு மெஷின் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அடுத்தது பிழியும் உருளைகள். ரப்பர் தார் மாதிரி உருகிக் காய்ந்திருந்தது. இந்த அளவில் ரப்பர் உருளை எந்த ஊரில் கிடைக்கும் என்று நான் யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. ஊர் முழுக்க அச்சு பிரஸ்களில் ரப்பர் உருளை ஓடுகிற சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே உருளைகளுக்கு ரப்பர் ஏற்றிக் கொடுக்கும் காதர் பாயிடம் இரண்டு தண்டுகளையும் கொண்டுபோனேன். அவர் தண்டை உருட்டிப் பார்த்துவிட்டு, எந்தப் பிரஸ், எத்தனை கலர் என்று கேட்டார். துணி பிழிய என்றேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

காதர் பாய் சிரிக்கவில்லை. எம்புட்டுக் கெட்டியாக வேண்டும் என்று கேட்டார். எனக்கு அந்தக் கணக்கு தெரியாது. அவர் வெவ்வேறு கெட்டியில் நாலு ரப்பர்த் துண்டுகளை என் முன்னால் வைத்து, ஒவ்வொன்றையும் கட்டை விரலால் அமுக்கிப் பார்க்கச் சொன்னார். பிறகு தன் சட்டையின் அடிப் பொத்தானைக் காட்டினார்.

"இது உள்ள போய் வெளிய வரணும்மா. உடையவும் கூடாது, தண்ணி நிக்கவும் கூடாது. அதுக்கு எது சரின்னு உங்க விரலுக்குத் தெரியும்."

இரண்டாவது துண்டைத் தொட்டேன். அதையே தான் நினைத்ததாகச் சொன்னார். அது காலண்டர் சீசன் இல்லையென்றாலும் லேபிள் அச்சடிக்கும் வேலை நிறைய இருந்தது. அப்படியும் ஒரே வாரத்தில் செய்து கொடுத்தார். வெளுப்பு நிறத்தில் ரப்பர் ஏற்றியிருந்தார். துணியில் கறுப்பு படக்கூடாதல்லவா என்று அவராகவே யோசித்துச் செய்தது அது.

கடைசியில் கியர் பெட்டி. அதன் அடியில் எண்ணெய் கசிந்தது. அந்த இடத்தில் போட வேண்டிய தோல் வாஷர் எங்கேயும் கிடைக்கவில்லை. நான் இரண்டு முறை ரப்பரில் வெட்டிப் போட்டும் கசிந்தது. பொருட்காட்சிக்கு நாலு நாள் இருக்கும்போது தங்கவேல் அண்ணன் கோடவுனுக்கு வந்தார். உளியைக் கொடுத்துவிட்டுப் போன நாளுக்குப் பிறகு அவர் வெள்ளைச்சி பக்கம் வந்ததே இல்லை. வெளுத்துக் கிடந்த தொட்டியை எட்டிப் பார்த்தார். உள்ளே கையை விட்டுச் சுற்றிலும் தடவினார். பிறகு பையிலிருந்து ஒரு தோல் வாஷரை எடுத்து என்னிடம் நீட்டினார். அடிபம்புக்குப் போடுகிற தோல். அளவெடுத்து வெட்டி, எண்ணெயில் ஊறப்போட்டுக் கொண்டுவந்திருந்தார். நான் இல்லாத நேரத்தில் வந்து அளவெடுத்திருக்கிறார்.

"நான் உளியைப் போட்டிருந்தா இது இந்நேரம் பழைய இரும்புக் கடைல கெடக்கும்" என்றார். வாஷரை அவரே போடுவார் என்று நான் நகர்ந்து நின்றேன். அவர் ஸ்பேனரை எடுத்து என் கையில் வைத்தார்.

அன்று சாயங்காலம் வெள்ளைச்சி ஓடினாள். அண்ணாச்சி துண்டைப் போட்டார், எடுத்தார், உருளைகளுக்கு நடுவே கொடுத்தார். மறுபக்கம் அது காகிதம் போலத் தட்டையாக வந்தது. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்தார். திருப்பி ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே வந்து புறங்கையால் மூடியைத் தட்டினார். நான் எண்ணினேன், ஐந்து தட்டு.

பொருட்காட்சியில் எங்கள் ஸ்டாலில் ஒரு பக்கம் புது மெஷின்கள், எதிர்ப்பக்கம் கோடவுன் மெஷின்கள் ஏழு. நடுவில் வெள்ளைச்சி. புது மெஷின் கம்பெனியின் ஏரியா மேனேஜர் மதுரையிலிருந்து வந்திருந்தார். பழையதை நிறுத்தினால் புதுசு எப்படி விற்கும் என்று முதலில் முகத்தைச் சுளித்தார். ஆனால் கூட்டம் வெள்ளைச்சியைப் பார்க்கத்தான் நின்றது. பார்க்க வந்தவர்கள் திரும்பிப் புதுசையும் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அவரே வெள்ளைச்சிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். இதைச் சரிசெய்த மெக்கானிக் யார் என்று அண்ணாச்சியைக் கேட்டார்.

தங்கவேல் அண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அண்ணாச்சி என் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தா நிக்காகள்ல, அவுகதான் எங்க மெக்கானிக்."

"ஆமா சார்" என்றார் தங்கவேல் அண்ணன். "அடியிலருந்து நுனி வரைக்கும் அவுகதான்."

என்ன செய்வதென்று தெரியாமல் நான் ஏற்கெனவே துடைத்த மூடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதத்திலிருந்து எனக்கு டெமோ கிடையாது. சர்வீஸ் பிரிவில் இடம் போட்டார்கள். தங்கவேல் அண்ணன் ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பிரிவை நான் பார்த்துக்கொண்டேன். எத்தனையோ மெஷின்களை ஓட வைத்திருக்கிறேன். ஆனால் சர்வீஸ் பிரிவுப் பெண்கள் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பொருட்காட்சியின் நாலாம் நாள்தான்.

அன்று விஸ்வநத்தத்திலிருந்து ஒரு வேனில் குழாய்க் கொட்டகைப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். நல்ல சேலை, தலை நிறைய பூ. பேச்சியம்மாள் முன்னால் வந்து வெள்ளைச்சியைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். இம்புட்டு வெள்ளையாகவா இருந்தாள் என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்டாள். மற்றவர்கள் ராட்டினம் பார்க்கப் போன பிறகும் அவள் போகவில்லை. என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு கேட்டா வைய மாட்டீகளே? இதுல என் சீலை ஒண்ணப் போட்டுப் பாக்கணும்."

கையில் இருந்த மஞ்சப்பையிலிருந்து எடுத்தாள். கொட்டகைக்குக் கட்டும் சேலை. பசை பட்டுப் பட்டு முந்தானை அட்டை மாதிரி விறைத்திருந்தது. கேட்க வேண்டும் என்று நினைத்தேதான் கொண்டுவந்திருக்கிறாள். நான் தண்ணீர் விட்டேன், சோப்புத்தூள் போட்டேன். சேலையை அவளையே போடச் சொன்னேன், சுவிட்சையும் அவளையே போடச் சொன்னேன். 'சலப், சலப்' என்று துடுப்பு திரும்பியது. அவள் தொட்டியின் விளிம்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். பசை கிண்டும்போதும் அப்படித்தான் நிற்பாள். கூட்டம் சேர்ந்தது. அண்ணாச்சியும் வந்து நின்றார்.

உருளைகளுக்கு நடுவே சேலையின் முனையை அவளே கொடுத்தாள். தண்ணீர் இந்தப் பக்கம் கொட்ட, சேலை அந்தப் பக்கம் மடிப்பு மடிப்பாக இறங்கியது. அவள் அதை எடுத்து முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள்.

"பதினெட்டு வருசமா இவளுக்கு நான் சோறு ஊட்டிருக்கேன்" என்றாள். "இன்னைக்குத்தான் எனக்கு ஒரு வேலை செஞ்சிருக்கா."

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு ஸ்டால் வாசலில் அதே வேன் வந்து நின்றது. பேச்சியம்மாளோடு இரண்டு பெண்கள் இறங்கினார்கள். மூவர் தலையிலும் துணி மூட்டை. கொட்டகைப் பெண்கள் அத்தனை பேரின் வேலைச் சேலைகளும் அவற்றில் இருந்தன. நான் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன். பொருட்காட்சியில் ஊரார் அழுக்குத் துணியைத் துவைப்பதா என்று கேட்டால் என்ன சொல்வது என்று மனதுக்குள் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து எங்கேயோ போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு கயிற்றுச் சுருளோடு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்டாலுக்குப் பின்னால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே துணி காயப்போடத் தானே கொடி கட்டினார்.